அமாவாசை பார்த்து அந்தமானுக்குப் போவோம்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரையும் பள்ளிக்கூட அட்லஸையும் எடுத்து வாருங்கள். கோடை விடுமுறைக்குத் திருவண்ணாமலை வேங்கிக்காலிலிருந்து ஒரு குடும்பம் அந்தமான் தீவுகளுக்குக் கிளம்பப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் போடுவது, அறை பிடிப்பது எல்லாம் அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்ளட்டும். எந்தத் தேதியில் போவது, அங்கே எத்தனை மணிக்கு எழுவது, எப்போது தண்ணீரில் இறங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். சூரியனும் நிலாவும் கடலும் எப்படி நடந்துகொள்ளும் என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

அட்லஸைத் திறந்து திருவண்ணாமலையைக் கண்டுபிடியுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.2 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து விரலை நேராகக் கிழக்கே நகர்த்தினால் புதுச்சேரிக்குச் சற்று வடக்கே கரை முடிந்து வங்காள விரிகுடா வரும். நிறுத்தாமல் போனால் அந்தமானில் முட்டும். அங்குள்ள தலைநகரம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அது இருப்பது 11.7 டிகிரியில். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக 70 கிலோமீட்டர்கூட வேறுபாடு இல்லை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட வெப்பமண்டலத்தில்தான் இரண்டுமே இருக்கின்றன. ‘வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம்’ என்று பெருமையடிக்கும் பிள்ளைகளே, நாம் பிறந்ததிலிருந்து வெப்பமண்டலத்தில்தான் குடியிருக்கிறோம்!

இன்னொரு பெருமையும் நமக்கு உண்டு. அந்தமானின் மிக உயரமான சிகரம் சாடில் பீக், 732 மீட்டர். நம் அண்ணாமலை 800 மீட்டரைத் தாண்டும். ஆனால் அந்தமான் தீவுகள் ஒரு மாபெரும் மலைத்தொடரின் உச்சிகள். மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே நீள்கிறது. அதன் தலைகள் மட்டும் வெளியே தெரிகின்றன.

சரி, ஒரே அட்சரேகையில் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்குமா? முதல் வேறுபாடு கடிகாரத்தில். வேங்கிக்கால் 79 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், போர்ட் பிளேர் 92.7 டிகிரியில். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். கிட்டத்தட்ட 13.7 டிகிரி இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் 55 நிமிடம் வரும். அவ்வளவு முன்னதாக அங்கே சூரியன் உதிக்கிறது. ஆனால் இரண்டு ஊர்க் கடிகாரமும் காட்டுவது ஒரே இந்திய நேரம். ஏப்ரல் கடைசியில் வேங்கிக்கால் ஏரிக்கரையில் சூரியன் எட்டிப்பார்க்க 6 மணியாகும். அங்கே 5 மணி அடித்துச் சில நிமிடங்களிலேயே விடிந்துவிடும். மாலையில் 5.30 மணிக்கு மறைந்துவிடும். டிசம்பரில் போனால் 5 மணிக்கே அஸ்தமனம்!

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விடுமுறைதானே என்று 8 மணி வரை தூங்கி, குளித்து, பூரி சாப்பிட்டு, 10 மணிக்குக் கடற்கரைக்குப் போனால் அது அவ்வூர்ச் சூரியக் கணக்கில் 11 மணிக்கு நெருக்கம். ஏப்ரல் மாதம் 21, 22 தேதிகளை ஒட்டி வேங்கிக்காலில் நிழலில்லா நாள் வரும். அன்று பகல் 12.12 மணிவாக்கில் ஒரு கம்பை நேராக நட்டால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும், ஏனென்றால் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். போர்ட் பிளேரிலும் அதே வாரத்தில்தான் இது நடக்கிறது, ஆனால் 11.18 மணிக்கே! நம் கோடை விடுமுறையும் உச்சிச் சூரியனும் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன.

ஆகவே விடிந்ததும் எழுந்து, 8.30 மணிக்குள் ஒரு குளியல் போட்டுவிடுங்கள். பிறகு 2 மணி வரை நிழல், சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம். மறுபடி 3 மணிக்கு மேல் கடல். தோலைச் சுடுவது சூரியனின் புற ஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை மணலிலும் அலை நுரையிலும் பட்டுத் தெறித்தும் வரும். குடைக்குள் உட்கார்ந்தும் முகம் சிவக்கும் காரணம் அதுதான். முழங்கால் ஆழத் தண்ணீருக்குள்ளும் அது நுழையும். நனைந்த மெல்லிய வெள்ளைப் பனியன் அதைத் தடுக்காது. அடர்த்தியான நிறத்தில் முழுக்கைச் சட்டையோடு குளிப்பதுதான் நல்லது. சன்ஸ்கிரீன் களிம்பு முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். சில களிம்புகளில் உள்ள ரசாயனம் பவளத்துக்குக் கெடுதல் செய்கிறது என்று ஆய்வுகள் சொல்வதால், துணிக்குத்தான் என் ஓட்டு.

வெப்பம் எப்படி? அக்னி நட்சத்திரத்தில் திருவண்ணாமலை 40 டிகிரியைத் தொடும். போர்ட் பிளேர் பெரும்பாலும் 33-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஒரே அளவு மண்ணையும் தண்ணீரையும் ஒரு டிகிரி சூடேற்ற வேண்டுமானால், தண்ணீருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் தேவை. நாலா பக்கமும் கடல் சூழ்ந்த தீவு அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. இரவில் அவ்வளவாகக் குளிர்வதும் கிடையாது.

ஆனால் 33 டிகிரிதானே என்று நிம்மதிப்பட வேண்டாம். விமானக் கதவு திறந்து வெளியே கால் வைத்ததும், இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்த மாதிரி ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். வியர்வை ஆவியாகும்போது உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் நமக்குக் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிரம்பியிருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடல் இன்னும் இன்னும் வியர்த்துப் பார்க்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர் எல்லாம் சரி. அதே ஈரக்காற்று துணியையும் காயவிடாது. நம் மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காயும் துண்டு அங்கே மறுநாளும் பிசுபிசுக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், கடல் தண்ணீரில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் காயவே காயாது. கனமான ஜீன்ஸ் வேண்டாம். தடித்த டர்க்கித் துண்டுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. அண்ணன், அக்கா முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஈரிழைத் துண்டுதான் சீக்கிரம் காயும்.

அலசும்போது தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். சுற்றிலும் கடல் இருந்தாலும் குடிக்க மழைநீர்தான். போர்ட் பிளேருக்குத் தனிக்காரி அணையில் தேங்கும் மழைநீர் வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது, நமக்குக் கிடைப்பதுபோல் மூன்று மடங்கு. அப்படியும் கோடையில் தட்டுப்பாடு வருகிறது. செங்குத்தான சிறிய மலைகளில் பெய்யும் மழை வேகமாகக் கடலுக்கு ஓடிவிடுகிறது, தேக்கி வைக்க நம்மூர்போல் வரிசையாக ஏரிகள் கிடையாது.

இப்போது காலண்டர். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டி. அதற்குப் பத்து நாள் முன்பே, மே மூன்றாம் வாரத்தில், அது அந்தமானில் இறங்கிவிடும். அதன் பிறகு கடல் கொந்தளிக்கும், தீவுக்குத் தீவு போகும் படகுகள் நின்றுபோகலாம். தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் கிளம்புவது உத்தமம். எந்த மாதம் போனாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே தங்க வேண்டும். சின்னத் தீவில் மாட்டிக்கொண்டால் காற்று அடங்கும்வரை வேறு வழியில்லை.

மாதம் முடிவாயிற்று. தேதி? பௌர்ணமியை விடுங்கள். அன்று கிரிவலக் கூட்டத்தில் வேங்கிக்காலிலிருந்து சென்னை பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடு. நான் சொல்வது அமாவாசை.

நிலா பூமியை இழுக்கிறது. நிலாவுக்கு நேரே உள்ள கடலை அதிகமாகவும், மறுபக்கத்துக் கடலைக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் கடல்நீர் இரண்டு பக்கமும் சற்றுப் புடைத்துக்கொள்கிறது. பூமி சுழலும்போது ஒவ்வொரு கரையும் இந்தப் புடைப்புகளைக் கடந்து போவதால், ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஓதம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சூரியனும் கடலை இழுக்கிறது. மிகத் தொலைவில் இருப்பதால் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்ளும். கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். அஷ்டமியை ஒட்டி, நிலா பாதியாகத் தெரியும்போது, சூரியனும் நிலாவும் செங்கோணத்தில் நின்று ஒன்றன் இழுப்பை மற்றது குறைக்கின்றன. அன்று ஏற்ற இறக்கம் சிறியது.

ஆக, லட்சக்கணக்கான பேர் அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கும் அந்தப் பௌர்ணமி இரவில், அந்தமான் கரையில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறிக்கொண்டிருக்கும். போர்ட் பிளேரில் அந்நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டர், உங்கள் அப்பாவின் தலைக்கு மேல்.

இதனால் நமக்கு என்ன லாபம்? நீல் என்று எல்லோரும் அழைக்கும் ஷகீத் தீவில், பாறை இயற்கையாகவே வளைந்து ஒரு பாலமாக நிற்கிறது. கடல் நன்றாக இறங்கும்போதுதான் அதன் அடிவரை நடந்து போக முடியும். வழியெல்லாம் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். குனிந்து பொறுமையாகப் பார்த்தால் கடல் அட்டை, நண்டு, விரல் நீள மீன்கள், பாறையோடு ஒட்டிய சிப்பிகள் எல்லாம் தெரியும். நீச்சல் கண்ணாடி போட்டு மூழ்கத் தேவையில்லாத கடல் காட்சிச்சாலை இது. ஏற்றத்தின்போது போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அமாவாசைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தான் இறக்கம் மிக அதிகம், ஏனென்றால் கடல் நிலாவின் இழுப்புக்குச் சற்றுத் தாமதமாகவே இணங்கும். ஒவ்வொரு நாளும் இறக்க நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று பகல் 2 மணிக்கு என்றால் நாளை 2.50. தங்குமிடத்தில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்வார்கள். மறுபடி கடல் ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். பாறைகள் வழுக்கும், கூர்மையானவை, வார் வைத்த செருப்பு அவசியம்.

பௌர்ணமியிலும் இறக்கம் உண்டே, ஏன் அமாவாசை என்கிறீர்களா? இரவுக்காக! அந்தமான் கடலில் சில இரவுகளில் அலை உடையும் இடமெல்லாம் நீல ஒளி மின்னும். தண்ணீரைக் கையால் கலக்கினால் விரலிடுக்கில் பொறி பறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் மிதவை உயிரிகளின் வேலை அது. தண்ணீர் கலங்கியதும் அவற்றின் உடலுக்குள் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளி விடுகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர்க் கரையில்கூட இப்படி ஒரு நீல ஒளி தெரிந்து, ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. நிலா வெளிச்சத்தில் இந்த ஒளி மங்கிவிடும். இருட்டு வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள். எல்லா இரவும் ஒளிரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அமாவாசையில் பயணம் கூடாது என்று பாட்டி தடுத்தால், அதற்கு முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள். நீல் தீவை முதலில் பார்த்து, பிறகு ஹேவ்லாக் எனும் ஸ்வராஜ் தீவுக்குப் போனால், வளர்பிறை அஷ்டமி நெருங்கும். ஏற்ற இறக்கம் அடங்கி நீரோட்டமும் சாதுவாக இருக்கும் அந்த நாட்கள், குழாய் வைத்து மிதந்து பவளப் பாறைகளைப் பார்க்க ஏற்றவை. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். மீன் பார்ப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

போகும் வழி எளிது. சென்னை பஸ்ஸில் கிளாம்பாக்கம், அங்கிருந்து விமான நிலையம், வானில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விமானம் இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், புளிப்பு மிட்டாய் சப்புங்கள். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து, காற்றழுத்தம் சமமாகிவிடும். கப்பலில் போவதானால் மூன்று நாள் ஆகும்.

தீவுகளுக்கு இடையே போகும் படகில்தான் வயிற்றுக்குச் சோதனை. உட்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடல் ஆடுவதை மூளைக்குச் சொல்வது அவைதான். படகின் உள்ளே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தால், கண் ‘அசையவில்லை’ என்கிறது, காது ‘ஆடுகிறோம்’ என்கிறது. குழம்பிய மூளை வாந்தியில் கொண்டுபோய் விடுகிறது. படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். தூரத்து அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலில் மிதப்பது சுலபம். ஒவ்வொரு லிட்டரிலும் 30 கிராமுக்கு மேல் உப்பு கரைந்திருப்பதால் தண்ணீர் கனமானது, நம்மை நன்றாகத் தாங்கும். ஆனால் கிணறு உங்களை எங்கும் இழுத்துப் போகாது, கடல் போகும். கரையில் மோதிய அலைநீர் ஏதாவது ஓர் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். ஒலிம்பிக் வீரரும் களைத்துவிடுவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தக் குறுகிய ஓட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இறங்கவே கூடாது. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால் விரல்கூட நனையக் கூடாது. ‘முதலை ஆற்றில்தானே இருக்கும்’ என்பது உப்புநீர் முதலையிடம் செல்லாது. நாக்கிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியேற்றிவிட்டு அது கடலிலும் சௌகரியமாக நீந்தும்.

அண்ணாமலையை அக்னி மலை என்கிறோம். உண்மையிலேயே நெருப்பைக் கக்கும் மலை, போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடகிழக்கே கடலில் இருக்கிறது. பாரன் தீவு என்று பெயர், இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991-இல் மறுபடி விழித்தது. இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் நுழைவதால்தான் அங்கே எரிமலையும் நிலநடுக்கமும். 2004 டிசம்பர் 26 சுனாமி பிறந்ததும் இதே கோட்டில்தான். அன்று லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடியினர், நிலம் நடுங்கியதும் உயரமான காட்டுப் பகுதிக்குப் போய்த் தப்பித்தார்கள். கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாக, நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ, மீன் பொறுக்கப் போகாமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். ஜாரவா மக்கள் வாழும் காட்டுச் சாலையில் போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பிஸ்கட் கொடுக்காதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. நமக்குச் சாதாரணமான சளியும் அம்மையும், அந்தக் கிருமிகளையே அறியாத அவர்கள் உடலுக்குப் பெரும் ஆபத்து.

கடைசியாக, கிளிஞ்சல். ஹேவ்லாக்கின் ராதாநகர்க் கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். தென்பெண்ணை ஆற்று மணல், பாறை உடைந்து வந்த படிகக்கல். இங்கே பவளமும் சங்கும் நொறுங்கிய சுண்ணாம்பு நிறையக் கலந்திருக்கிறது. பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் வெளியேற்றுவதும் அதில் சேர்த்தி. பவளம் ஓர் உயிர். எண்ணற்ற சின்னஞ்சிறு உயிரிகள் சேர்ந்து தங்களுக்குக் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் குடியிருப்பு அது. அதில் நிற்கவோ தொடவோ கூடாது. காலியான சங்கு உங்களுக்குப் பொம்மை, ஆனால் பின்னுடலில் ஓடில்லாத துறவி நண்டுக்கு அதுதான் வீடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தையும் பலவகைச் சங்குகளையும் எடுத்துவருவது குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மணலைக் கொண்டுவர முடியாதே என்று வருந்த வேண்டாம். அதே சுண்ணாம்புப் பொருள் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது: முட்டை ஓடு. கண்ணாடி டம்ளரில் ஓட்டைப் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். குமிழ் குமிழாகக் கரியமில வாயு கிளம்பும். ஓரிரண்டு நாளில் ஓடு கரைந்து மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். புகையிலிருந்து காற்றில் சேரும் கரியமில வாயுவில் ஒரு பங்கு கடலில் கரைந்து அமிலமாகிறது. வினிகரின் வீரியம் அதற்கு இல்லை. பவளம் சுண்ணாம்பு கட்டும் வேகத்தைக் குறைக்க அந்த அளவே போதும். சோதனையைச் செய்து பாருங்கள், முதல் குமிழ் எத்தனை விநாடியில் வந்தது என்பதை மறக்காமல் நோட்டில் குறித்து வையுங்கள்.